செய்தித்தாளே மனுவானபோது

1979 ஜனவரி 8, 9 தேதிகளில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் பீகார் சிறைகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியவர் நிருபர் அல்ல, போலீஸ்காரர். கே.எஃப். ருஸ்தம்ஜி ஒருகாலத்தில் நேருவின் பாதுகாப்பு அதிகாரி. 1965-ல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர். பிறகு தேசிய போலீஸ் கமிஷனின் உறுப்பினராகி, அந்தப் பொறுப்பில் பீகாருக்குப் போனார். பாட்னா, முசாபர்பூர் சிறைகளின் நிலையைக் கண்டவர், அதை அரசுக்கு அறிக்கையாக அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்திரிகைக்கும் எழுதிவிட்டார்.

அவர் எழுதியது விசாரணைக் கைதிகளைப் பற்றி. பெயரில்தான் விசாரணை இருந்தது. ஐந்து வருடம், ஏழு வருடம், சிலர் பத்து வருடத்துக்கும் மேல் உள்ளேயே கிடந்தார்கள். வழக்கு தொடங்கவே இல்லை. பலர்மீது இருந்தவை சில்லறைக் குற்றச்சாட்டுகள். குற்றம் நிரூபணமாகியிருந்தாலும் சில மாதமோ, ஓரிரு வருடமோதான் தண்டனை. முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டவன் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பான். இன்னொரு கூட்டம் எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்கள். அவர்கள் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், அல்லது சாட்சி சொல்ல வேண்டியவர்கள். 'பாதுகாப்பு' என்று சொல்லி அவர்களையும் சிறையில் வைத்திருந்தார்கள்.

ஜாமீன் என்று ஒன்று இருக்கிறதே? இருந்தது, சொத்து உள்ளவர்களுக்கு. முந்தைய ஆண்டுதான் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை வந்திருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். அந்த மனிதர் தன் அண்ணன் தம்பியில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யருக்குக் கோபம் வந்தது. ஒரு தமிழரோ மலையாளியோ டெல்லி சாந்தினி சௌக்கில் கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார். அந்தக் கேள்வி பாட்னா சிறைக்குள் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் அதை வைத்து வாதாட அங்கே யாருக்கும் வக்கீல் இல்லை.

ருஸ்தம்ஜியின் கட்டுரை டெல்லியில் புஷ்பா கபிலா ஹிங்கோரானியின் கண்ணில் பட்டது. அவர் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர். பீகார் கைதிகள் யாரும் அவருக்கு உறவில்லை, கட்சிக்காரரும் இல்லை. அவர்களில் ஒருவர்கூட அவரிடம் வக்காலத்து கொடுக்கவில்லை. அந்தக் காலத்து நீதிமன்ற மரபுப்படி, வழக்கு என்று வந்தால் முதல் கேள்வி 'நீ யார்?' என்பதுதான். யாருக்குப் பாதிப்போ அவர் வரவேண்டும். ஆட்கொணர்வு மனுவில் இந்த விதி கொஞ்சம் தளர்வு. உறவினரோ நண்பரோ வரலாம். முன்பின் பார்த்திராத கூட்டத்துக்காக, ஒரு செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரலாமா? ஹிங்கோரானி வந்தார். அரசியல் சாசனத்தின் 32-வது பிரிவில் ஆட்கொணர்வு மனு. ஆதாரம், எக்ஸ்பிரஸ் கட்டுரைகள். கைதிகள் பட்டியலிலிருந்த ஒரு பெண்ணின் பெயரில் வழக்கு பதிவாயிற்று: ஹுசைனாரா கத்தூன் எதிர் பீகார் மாநிலம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் மனப்பாடம் செய்யும் பெயர்.

நீதிபதிகள் பி.என். பகவதி, ஆர்.எஸ். பதக், ஏ.டி. கோஷல் பீகார் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். இரண்டு வாரமாயிற்று. அரசின் சார்பில் ஒருவரும் வரவில்லை! தன் சிறையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூட ஆள் அனுப்பாத அரசை என்ன செய்வது? பத்திரிகையில் வந்ததெல்லாம் உண்மை என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறோம் என்றார்கள் நீதிபதிகள். பிப்ரவரி 12-ல் முதல் உத்தரவு வந்தது. பட்டியலில் இருந்தவர்களைச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னது. ஜாமீன்தாரரும் வேண்டாம், பணமும் வேண்டாம். அடுத்த உத்தரவுகளில் 'பாதுகாப்பு'ப் பெண்களைச் சிறையிலிருந்து எடுத்து விடுதிகளுக்கு அனுப்பச் சொன்னார்கள். குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி உள்ளே இருந்தவர்களை விடுவிக்கச் சொன்னார்கள். விரைவான விசாரணை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றார்கள். வக்கீல் வைக்க வழியில்லாத ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் தருவதும் அப்படியே. இவ்வழக்கின் தொடர்ச்சியாக நாடெங்கும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இதே உச்ச நீதிமன்றம்தான் மூன்று வருடத்துக்கு முன், 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் கைதானவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று தீர்ப்பளித்தது. அதில் பெரும்பான்மைப் பக்கம் கையெழுத்திட்ட நால்வரில் பகவதியும் ஒருவர். அது தவறு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011-ல். எழுபதுகளின் இறுதியில் ஏழைகளுக்காக நீதிமன்றம் காட்டிய வேகத்தில், 1976-ன் கறையைக் கழுவும் அவசரமும் கலந்திருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். சிறைக்கதவு திறந்தவனுக்கு நீதிபதியின் மனசு எதற்கு?

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. திகார் சிறையில் சக கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைச் சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுதி அனுப்ப, 1979-ல் அதுவே மனுவாக ஏற்கப்பட்டது. பொதுநலத்துக்காக யாரும் வழக்குத் தொடுக்கலாம் என்ற கொள்கையை விரிவாக வகுத்தது 1981 டிசம்பரில் வந்த எஸ்.பி. குப்தா வழக்கு. வேடிக்கை என்னவென்றால், ஏழைகளுக்கான அந்த வாசலை அகலமாக்கிய வழக்கில் ஏழைகளே கிடையாது. நீதிபதிகள் நியமனம், இடமாற்றம் குறித்து வக்கீல்கள் போட்ட வழக்கு அது.

ஹிங்கோரானி பீகாரை விடவில்லை. பாகல்பூரில் போலீஸ் காவலில் கண் பறிக்கப்பட்டவர்களுக்காக வாதாடினார். ருதுல் சா வழக்கையும் கொண்டுவந்தார். அந்த மனிதரை 1968 ஜூன் 3-ல் செஷன்ஸ் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் சிறையை விட்டு வெளியே வந்தது 1982 அக்டோபர் 16. நடுவில் பதினான்கு வருடம். மனநிலை சரியில்லாதவர் என்று அரசு சொன்ன சமாதானத்துக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை. 1983-ல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வு, அரசு ஏற்கெனவே தந்த 5,000 போக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதுவரை இத்தகைய மனுவில் விடுதலைதான் கிடைக்கும். நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கோடு இவ்வழக்கில் அழிந்தது. வருடத்துக்கு 2,500 ரூபாய் என்ற கணக்கைப் பார்க்கையில்தான் வாய் அடைத்துப்போகிறது.

வாசல் அகலமானபின் விளம்பரத்துக்காகவும் பகை தீர்க்கவும் வந்தவர்கள் கூட்டம் சேர்ந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமே வடிகட்ட விதிமுறைகள் வகுக்க வேண்டியதாயிற்று. ஹுசைனாரா வழக்கின் சாரமோ சட்டப் புத்தகத்துக்குள் வர இருபத்தாறு வருடம் எடுத்தது. அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436ஏ பிரிவு நிறைவேறியது 2005-ல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் இன்னும் விசாரணைக் கைதிகளே.

சிறைக்கு வெளியே கூலிக்கு உழைத்தவர்களின் வழக்கு ஒன்று 1982-ல் டெல்லியில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானம் கட்டிய தொழிலாளர்களின் தினக்கூலி ரூ.9.25. அதில் ஒரு ரூபாய் இடைத்தரகர்களான ஜமாதார்களின் பைக்குப் போனது. அந்த ஒரு ரூபாயின் கதை அடுத்த வாரம்.