கிணறு, மனை, பள்ளி, பாதை: சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளின் கேள்விகள் (1920–1938)

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1920க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட வகுப்புகளின் சார்பில் அமர்ந்த உறுப்பினர்கள், அரசிடம் பெரும்பாலும் நான்கு பொருள்களைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டனர். குடிநீர்க் கிணறு, குடியிருப்பு மனை, பள்ளிக்கூடம், பொதுப்பாதை என்பவையே அவை. மேலோட்டமாகப் பார்த்தால் இவை தனித்தனி வசதிகள். ஆனால் நான்கிற்கும் அடியில் இருந்தது ஒரே கேள்விதான்: பொதுப் பணத்தில் உருவானதும் பொதுமக்களுக்கு உரியதுமான ஒன்று, உண்மையில் யாருக்கு உரியது?

கேள்வி கேட்கும் உரிமை வந்த வழி

1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி அமைந்த சபைகளில், அரசின் செயல்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு இல்லை. முன்வைக்கப்பட்ட சட்ட மசோதாவைப் பற்றி மட்டுமே அவர்கள் பேசலாம். 1892ஆம் ஆண்டுச் சட்டம், விதிகளுக்கு உட்பட்டு, முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்க இடம் தந்தது. ஆனால் கிடைத்த பதிலின் மேல் மறுகேள்வி எழுப்ப முடியாது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம், கேள்வி கேட்டவர் துணைக்கேள்வியும் கேட்கலாம் என்றது. 1919ஆம் ஆண்டின் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பின், எந்த உறுப்பினரும் துணைக்கேள்வி எழுப்பலாம் என்ற நிலை வந்தது.

துணைக்கேள்வியின் அருமை அவையை அறிந்தவர்களுக்குத் தெரியும். முதல் பதிலை அதிகாரிகள் எழுதித் தந்துவிடலாம். ‘விசாரித்துச் சொல்கிறோம்’ என்று எழுதித் தந்த பதிலுக்குப் பின், ‘எப்போது விசாரிப்பீர்கள்?’ என்ற கேள்வி வரும்போது அதற்கு அவையில் இருப்பவரே விடை சொல்லியாக வேண்டும்.

ஐந்து இடங்கள்

இரட்டையாட்சி முறையில் அமைந்த சென்னைச் சட்டமன்றத்துக்கு 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் அதைத் தொடங்கிவைத்தார். அதில் 132 உறுப்பினர்கள். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 34 பேர் நியமிக்கப்பட்டவர்கள். நியமன இடங்களில் ஐந்து, பறையர், பள்ளர், மாலா, மாதிகா, சக்கிலியர் முதலிய ஒடுக்கப்பட்ட வகுப்புகளின் பிரதிநிதித்துவத்துக்கு ஒதுக்கப்பட்டவை.

வாக்கெடுப்பில் ஐந்து பேரால் எதையும் வெல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த கருவி கேள்விதான். அதற்குப் பெரும்பான்மை தேவையில்லை. கேள்வி விதிகளுக்கு உட்பட்டிருந்தால் அரசு பதில் தர வேண்டும், அந்தப் பதில் அவைக்குறிப்பில் அச்சாகும்.

இவ்வழியில் முன்னின்றவர் பரங்கிமலையைச் சேர்ந்த எம். சி. ராஜா (1883–1943). பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர் 1920இல் நியமிக்கப்பட்டார். ‘பறையர்’ நாளிதழாக அல்லாமல் இதழாக 1893இல் வெளிவந்த ‘பறையன்’ பத்திரிகையின் நிறுவனர் இரட்டைமலை சீனிவாசன் (1860–1945), தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபின் 1923இல் உறுப்பினரானார். சென்னையில் அருந்ததியர்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்திய எல். சி. குருசாமியும், சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களில் பலர் பள்ளி நடத்தியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கிணறு

தாலுகா போர்டும் நகராட்சியும் வரிப்பணத்தில் வெட்டிய கிணறுகள் ‘பொதுக்கிணறு’ என்றே பதிவேட்டில் இருந்தன. ஆனால் அவை ஊர்த்தெருவில் இருந்தால் சேரி மக்கள் நெருங்க முடியாது. கோடையில் குளம் வற்றினால், யாராவது மொண்டு ஊற்றும்வரை குடத்துடன் காத்திருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் இருந்தன. பொதுக்கிணற்றை எல்லாருக்கும் திறந்துவிடுவது ஒன்று. சேரிக்குத் தனிக்கிணறு வெட்டித் தருவது மற்றொன்று. அரசு பெரும்பாலும் இரண்டாவது வழியையே எடுத்தது. அதில் மோதல் இல்லை. உறுப்பினர்களுக்கோ இது தர்மசங்கடமான நிலை. தனிக்கிணறு கேட்டால் பிரிவினையை ஒப்புக்கொண்டதாகும். கேட்காவிட்டால் இன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதனால் அவர்கள் இரண்டையும் கேட்டார்கள்.

மனை

1919இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலனுக்கென ஒரு தனி அதிகாரியை அரசு நியமித்தது. அடுத்த ஆண்டு அப்பதவி தொழிலாளர் ஆணையர் என்று பெயர் மாறியது. மனை வழங்குதல், கிணறு வெட்டுதல், பள்ளி நடத்துதல், கூட்டுறவுச் சங்கம் அமைத்தல் ஆகியவை அந்தத் துறையின் முக்கியப் பணிகள்.

இவற்றில் மனைதான் ஆணிவேர். தஞ்சை, செங்கற்பட்டு போன்ற மிராசுப் பகுதிகளில் பண்ணையாட்களின் குடிசைகள் பல இடங்களில் நிலக்கிழாரின் மண்ணில் நின்றன. கூலி உயர்வு கேட்டாலும், வேறு வேலைக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், குடிசையைக் காலி செய்யச் சொல்ல முடியும். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலேயே இந்த அவலத்தை அரசுக்குத் தெரிவித்திருந்தார். அதன் பின் 1892இல் வந்த ஆணையே பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படை.

தொழிலாளர் துறை நிலத்தைக் கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்துத் தந்தது. ஆனால் விலையை மனை பெற்றவர்கள் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணைகளில் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே எத்தனை மனை வழங்கப்பட்டது என்பதோடு, எவ்வளவு விரைவாக, என்ன விலையில் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளாயின.

பள்ளி

பொது நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று 1919இல் அரசு ஆணையிட்டது. 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஆனால் பல கிராமங்களில் பள்ளிக்கூடம் நடந்தது அக்கிரகாரத்திலோ, கோயிலை ஒட்டிய மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ. சேர்க்க மறுப்பதாக ஆசிரியர் சொல்ல வேண்டியதே இல்லை. கட்டடம் இருக்கும் தெருவே மறுத்துவிடும்.

இங்கும் கிணற்றின் கதைதான். தொழிலாளர் துறை தனிப்பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்று மக்கள் வழங்கிய அவையே விடுதலைக்குப் பின் நலத்துறைப் பள்ளிகளாயின. முதல் தலைமுறையாகப் பலர் எழுத்தறிந்தது அங்கேதான். ஆயினும் பொதுப்பள்ளியின் கதவு ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு அவை பதிலாகவில்லை.

பாதையும் பேருந்தும்

தெருவில் நடப்பதே தடுக்கப்பட்டால் சந்தைக்கும், அஞ்சலகத்துக்கும், தாலுகா கச்சேரிக்கும் போக முடியாது. 1924 மார்ச்சில் திருவிதாங்கூரில் தொடங்கிய வைக்கம் போராட்டமும் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காகத்தான்.

1920களில் தனியார் பேருந்துகள் பரவியபோது பழைய தடை புதிய வண்டியிலும் ஏறிக்கொண்டது. சில முதலாளிகள் ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்தனர். பேருந்து ஓட்ட உரிமம் தந்தது மாவட்டப் போர்டு. இராமநாதபுரம் மாவட்டப் போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், பயணிகளை அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். உரிமம் தருபவர் நினைத்தால் ஒரு கையெழுத்தில் மாற்றம் வரும் என்பதை அது காட்டியது.

எந்தக் கதவைத் தட்டுவது?

இரட்டையாட்சியில் துறைகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. நிலவரி, பாசனம், காவல், நீதி ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் ஆகியவை அமைச்சர்களிடம் இருந்தன. ஒரே சேரியின் குறைகளைக் கேட்க வேண்டுமானால், கிணற்றுக்கு உள்ளாட்சி அமைச்சர், புறம்போக்கு மனைக்கு வருவாய் உறுப்பினர், பள்ளிக்குக் கல்வி அமைச்சர், தடுத்தவர்மேல் நடவடிக்கைக்குக் காவல் பொறுப்பாளர் என்று நான்கு பேரைக் கேட்க வேண்டும். ‘அது எங்கள் துறையன்று’ என்ற பதில் எளிதில் கிடைத்துவிடக்கூடிய அமைப்பு இது. அதனால்தான் கேள்வியை ஊர்ப்பெயரோடும் விவரத்தோடும் எழுதுவது அவசியமாயிற்று.

கேள்வியிலிருந்து சட்டத்துக்கு

இத்தகைய முயற்சிகளின் பயனாக 1924 ஆகஸ்டில் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுச்சாலை, தெரு, அரசு அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதை அரசின் கொள்கையாக அறிவிக்கப் பரிந்துரைத்தது அத்தீர்மானம். அடுத்த மாதமே அது அரசாணையாயிற்று.

ஆனால் தடுப்பவருக்குத் தண்டனை என்ன என்று கொள்கை அறிவிப்பு சொல்வதில்லை. பம்பாய் மாகாணத்தில் இதே பாடம் சற்று முன்னரே தொடங்கியது. 1923 ஆகஸ்டில் அங்கே எஸ். கே. போலே கொண்டுவந்த இதுபோன்ற தீர்மானம் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. இருந்தும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் அந்தக் குளத்து நீரை அருந்தியபின் தாக்கப்பட்டனர். தாளில் திறந்த குளம் தரையில் மூடியே இருந்தது.

தண்டனையுடன் கூடிய சட்டம் சென்னைக்கு வர மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. பூனா ஒப்பந்தத்துக்குப் பின் 1937இல் கூடிய சட்டப்பேரவையின் 215 இடங்களில் 30 இடங்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டு, நியமனம் போய்த் தேர்தல் வந்திருந்தது. அங்கே எம். சி. ராஜா கொண்டுவந்த மசோதா, 1938ஆம் ஆண்டின் சென்னைக் குடிமை இயலாமைகள் நீக்கச் சட்டமாக நிறைவேறியது. பொது நீர்நிலைகளையும் பாதைகளையும் போக்குவரத்து வசதிகளையும் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றமாயிற்று.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அடிப்படை உரிமைகளின் நடுவே கிணறும் குளமும் ஏன் வந்தன என்று வியக்கும் மாணவருக்கு, இந்த மாகாணச் சபைகளின் அவைக்குறிப்புகளில் விடை இருக்கிறது.

மதிப்பீடு

இந்தக் கேள்விகளால் ஒரே நாளில் எந்தக் கிணறும் திறந்துவிடவில்லை. ஆனால் ஊருக்குள் ‘வழக்கம்’ என்று சொல்லப்பட்டதை அரசின் ஏட்டில் ‘குறை’ என்று பதியவைத்தவை அவை. பதிந்த குறைக்குப் பதில் வேண்டும்; பதில் பொய்த்தால் தீர்மானம், தீர்மானம் பொய்த்தால் சட்டம் என்று அவ்வழி நீண்டது. ஐந்து நியமன இடங்களில் தொடங்கிய அந்த அவையில், 1946 முதல் 1955 வரை சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்து மற்றவர்களைக் கேள்வி கேட்க அழைத்தவர், ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து வந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை.