கியர்பெட்டி உருவான கதை: பாரிஸ் வீதிகளே பரிசோதனைக்கூடம்

பெற்றோல் எஞ்சினுக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. நீராவி எஞ்சின் புறப்படும்போதே முழு இழுவையையும் கொடுக்கும். பெற்றோல் எஞ்சினோ வேகமாகச் சுற்றினால்தான் பலம் காட்டும். மெதுவாகச் சுற்றவைத்தால் நின்றுவிடும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதே சில்லு மெதுவாகச் சுற்ற வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் கியர்பெட்டி.

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் பெல்ட்டுகளே இந்த வேலையைச் செய்தன. மழையில் அவை வழுக்கும். பாரிஸில் பனார்ட் லெவசோர் நிறுவனத்தின் எமில் லெவசோர் 1891 அளவில் வேறு வழியைப் பிடித்தார். பக்கம் பக்கமாக இரண்டு தண்டுகள், அவற்றில் வெவ்வேறு அளவுப் பற்சில்லுகள். ஒரு தொகுதியைத் தண்டின்மேல் தள்ளி, வேண்டிய சோடியைப் பொருத்த வேண்டும். சுற்றும் பற்கள் ஒன்றோடொன்று மோதி அரைபட்டன. முரட்டுத்தனமான முறைதான், ஆனாலும் வேலை செய்கிறது என்று அவரே சொன்னதாகக் கூறுவார்கள்.

அதைச் சோதிக்கத் தனி ஓடுபாதை எதுவும் இருக்கவில்லை. வீதிதான் பரிசோதனைக்கூடம். தொழிற்சாலையிலிருந்து பாரிஸின் மறுகரை வரை போய், பழுதாகாமல் திரும்புவதே முதல் இலக்கு. 1895இல் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் ஓட்டத்தில் ஏறத்தாழ 1,180 கிலோமீற்றரை லெவசோர் 49 மணித்தியாலத்துக்குள் முடித்தார். மணிக்குச் சுமார் 24 கிலோமீற்றர் வேகம். இரண்டு இருக்கை வண்டி என்பதால் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஓட்டத்தில், குறுக்கே வந்த நாயைத் தவிர்க்கப்போய் வண்டி கவிழ்ந்தது. 1897 ஏப்ரலில் அவர் இறந்தார்.

அடுத்த பாய்ச்சல் 21 வயது லூயி ரெனோவுடையது. லெவசோரின் முறையில் எந்தக் கியரிலும் விசை பற்சில்லுகள் வழியாகவே போனது. அதனால் சத்தமும் சக்தி இழப்பும் இருந்தன. ரெனோ உச்சக் கியரில் எஞ்சின் தண்டைப் பின்சில்லுக்குப் போகும் தண்டுடன் நேராகவே இணைத்தார். 1898 டிசம்பர் 24 அன்று, எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு அதிக தூரமில்லாத மொன்மார்த்தில், செங்குத்தான லெப்பிக் வீதியில் வண்டியை ஏற்றிக் காட்டினார். அன்றிரவே 12 ஓடர்கள் கிடைத்தன. மறு ஆண்டு காப்புரிமை பெற்றார்.

கியர் மாற்றும்போது பற்கள் மோதும் தொல்லை மட்டும் நீடித்தது. மாற்றும் முன் இரு பக்க வேகத்தையும் சமப்படுத்தும் பொறிமுறை 1928இல் கடிலாக் கார்களில் வந்தது. ஆனால் நான் ஓட்டப் பழகிய மொரிஸ் மைனரின் முதலாம் கியருக்கு அந்த வசதி இல்லை. வண்டி நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். அவசரப்பட்டால் பல் கத்தும். அதைக் கேட்ட எவருக்கும் லெவசோரின் முரட்டு முறை என்னவென்று விளங்கும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்மார். புதிய உதிரிப்பாகம் வராது; உள்ளதைக் கழற்றி, தேய்ந்ததைச் சீர்செய்து, திரும்பப் பூட்ட வேண்டும். அவர்கள் திறந்த பெட்டிகளுக்குள் இருந்தவை லெவசோரின் தண்டுகளும் ரெனோவின் நேரிணைப்பும்தான். கையால் தொட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய பொறி என்பதால்தான் அவற்றைத் திருத்த முடிந்தது. அந்தக் கைவேலையை அறிந்தவர்கள் இன்னும் எங்கள் கராஜ்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இது.