ஒரு நாடு, இரு உதவியாளர்: ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும்

பனிப்போரில் எதிரெதிராக நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே காலத்தில் ஒரே ஏழை நாட்டுக்கு அளித்த வளர்ச்சி உதவியை ஒப்பிட்டு ஆராய, 1950 முதல் 1979 வரையிலான ஆப்கானிஸ்தானைப் போல் பொருத்தமான களம் அரிது. வளர்ச்சி உதவி என்பது நன்கொடை, குறைந்த வட்டிக் கடன், பொறியாளர்களும் ஆசிரியர்களும் ஆற்றும் பணி ஆகிய அனைத்தையும் இங்குக் குறிக்கும்.

அமெரிக்கத் தொடர்பு முதலில் உதவியாகத் தொடங்கவில்லை. கரகுல் எனப்படும் ஆட்டுக்குட்டித் தோலை ஏற்றுமதி செய்து ஈட்டிய அந்நியச் செலாவணியைக் கொண்டு, காபூல் அரசே 1946இல் மாரிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்தை அமர்த்தி, தெற்கே ஹெல்மண்ட் பள்ளத்தாக்கில் அணைகளும் கால்வாய்களும் அமைக்கும் பணியை ஒப்படைத்தது. கையிருப்பு கரைந்த பின்னரே அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் 2.1 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. அர்கண்டாப் அணை 1952இலும் கஜாக்கி அணை 1953இலும் முடிவுற்றன. எனினும், மண்ணாய்வும் வடிகால் அமைப்பும் போதிய அளவு மேற்கொள்ளப்படாமையால், பாசன நீர் நிலத்தடியில் தேங்கி உப்பை மேற்பரப்புக்குக் கொணர, நாடோடிகளாக வாழ்ந்து புதிதாகக் குடியமர்த்தப்பட்டோர் பெற்ற வயல்களில் பல உவர்நிலமாயின.

பிரதமர் தாவூத் கான் கேட்ட ஆயுதங்களை வழங்க அமெரிக்கா மறுத்ததும், பஷ்தூன் மக்கள் வாழும் எல்லைப் பகுதி குறித்துப் பாகிஸ்தானுடன் எழுந்த பூசலும் காபூலை வடக்கு நோக்கித் திருப்பின. 1954இல் தானியக் கிடங்குகளுக்குச் சிறு கடன் அளித்த சோவியத் ஒன்றியம், தலைநகரின் தெருக்களுக்குத் தார்ச்சாலை அமைக்கவும் முன்வந்தது. 1955 டிசம்பரில் சோவியத் தலைவர்களான குருஷ்சேவும் புல்கானினும் காபூலுக்கு வந்தபோது 10 கோடி டாலர் கடன் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நக்லு நீர்மின் நிலையமும், இந்துகுஷ் மலையைக் குடைந்து 1964இல் திறக்கப்பட்ட சலாங் சுரங்கப்பாதையும் உருவாயின.

இரு உதவிகளின் இயல்பும் வேறுபட்டது. அமெரிக்கா வேளாண்மை, கல்வி, நிர்வாகப் பயிற்சி ஆகியவற்றில் கருத்தூன்றி, நாளடைவில் நன்கொடைகளையும் மிகுதியாக வழங்கியது; ஆனால் அவற்றின் பயன் மெதுவாகவே வெளிப்பட்டது. சோவியத் உதவி பெரும்பாலும் கடனாக அமைந்து, எவர் கண்ணுக்கும் உடனே புலப்படும் கட்டுமானங்களாக விளைந்தது. அக்கடனை அடைக்க 1960களின் இறுதி முதல் ஷிபர்கான் வயல்களின் இயற்கை எரிவாயு வடக்கே அனுப்பப்பட்டது. 1955 முதல் 1978 வரை சோவியத் பொருளாதார உதவி ஏறத்தாழ 127 கோடி டாலராகவும், அமெரிக்க உதவி ஏறத்தாழ 53 கோடி டாலராகவும் மதிப்பிடப்படுகின்றன. ஆயினும் தொகை மட்டும் உதவியின் தன்மையை உணர்த்திவிடாது.

சோவியத் எல்லையிலிருந்து ஹெராத் வழியாகக் கந்தகார் வரை சோவியத் பொறியாளர்கள் கான்கிரீட் சாலை அமைக்க, கந்தகாரிலிருந்து காபூல் வரையிலான சாலையை அமெரிக்கர் அமைத்தனர். போட்டியிட்ட இரு நாடுகளின் பணி ஒரே நெடுஞ்சாலையாக இணைந்தமைக்கு, எத்திட்டத்தை எவரிடம் ஒப்படைப்பது என்பதில் காபூல் அரசு காட்டிய திறனும் காரணமாகும். அணிசேராமையைப் பயனுள்ள கருவியாக்கிய அவ்வரசு, வெறுமனே கைநீட்டிப் பெற்ற நாடாக மட்டும் இருக்கவில்லை.

ஆனால் அத்திறனே அதன் பலவீனத்தையும் மறைத்தது. 1960களின் பெரும்பகுதியில் அரசுச் செலவில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து நேரடியாகக் கிடைத்த பணமாக இருந்தமையால், தன் குடிகளிடம் வரி கேட்கவும், அதற்கு ஈடாக அவர்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டிய கட்டாயம் அரசுக்குக் குறைந்தது. சாலைகள் கிராமங்களைக் கடந்து சென்றனவேயன்றி, ஆட்சியைக் கிராமங்களுடன் பிணைக்கவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தபோது, சலாங் பாதையே அதன் முதன்மையான வழங்கல் வழியாயிற்று. கொடையாளர் இருவரில் எவர் சிறந்தவர் என்பதைக் காட்டிலும், பெறும் அரசு தன் மக்களுக்குக் கடமைப்பட்டதாக இருந்ததா என்பதே உதவியின் பயனை இறுதியில் தீர்மானிக்கிறது என்பதை இவ்வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.