கைதுக்கும் சோதனைக்கும் போதிய காரணம்

ஒருவரைக் கைது செய்யவோ அவர் வீட்டைச் சோதனையிடவோ காவல்துறையினரிடம் முன்னதாகவே இருக்க வேண்டிய, பிறர் சரிபார்க்கத்தக்க அடிப்படையைக் குற்றவியல் சட்டம் போதிய காரணமாகக் கொள்கிறது. அதற்கு வெறும் ஊகம் போதாது. தண்டனை வழங்கத் தேவையான அளவு நிரூபணமும் வேண்டியதில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆம் திருத்தம் (1791) பிடியாணைக்கும் சோதனையாணைக்கும் இதை நிபந்தனையாக்கியது.

குருசுக்குப்பம் உள்ளிட்ட புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின்போது விசாரணை நீதிபதி என்ற பதவி இருந்தது. குற்றத்தைத் துப்புத் துலக்கும் பொறுப்பு அவருடையது. 1912இல் அங்கு வாழ்ந்த விடுதலைப் போராளி வ. வே. சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில், சிக்கவைப்பதற்காக யாரோ போட்டுவிட்டுப் போன ஆவணங்கள் அகப்பட்டன. ஐயர் தரப்பினரே அவற்றை பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். பிறகு ஒருவர் கொடுத்த புகாரின்பேரில் விசாரணை நீதிபதி, அங்கு வாழ்ந்த மற்றொரு விடுதலைப் போராளியான அரவிந்தரின் இல்லத்தைச் சோதனையிட்டார். குற்றத்துக்கான தடயம் எதுவும் இல்லை; கண்ணில் பட்டவை கிரேக்க, லத்தீன் நூல்களே. நம்பத்தக்கதாகத் தோன்றும் தகவலையும் ஜோடிக்க முடியும் என்பதால், தகவல் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி எந்தக் காலத்துக்கும் இன்றியமையாதது.

பிரெஞ்சு ஆட்சி முடிந்தபின், 1963ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறை இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு விரிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் கைதுக்கான விதிகள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவில் உள்ளன. ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால், நியாயமான புகாரோ நம்பகமான தகவலோ நியாயமான சந்தேகமோ இருப்பது மட்டும் போதாது. கைது ஏன் அவசியம் என்பதையும் எழுத்தில் பதிய வேண்டும். குருசுக்குப்பத்தில் ஒரு படகு எஞ்சின் திருடுபோனதாகக் கொள்வோம். பழைய வழக்கு உள்ளவர் என்பதற்காக ஒருவரைப் பிடித்துச் செல்வது சட்டப்படி நில்லாது. அந்த எஞ்சினை அவர் விற்க முயன்றதை நேரில் கண்டவர் சொன்னால் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. அப்போதும் அவர் சாட்சியை மிரட்டவோ தடயத்தை அழிக்கவோ கூடும் என்பது போன்ற காரணம் இல்லையெனில், ஆஜராகுமாறு அறிவிப்பு அனுப்புவதே முறை.

சோதனையாணையின்றிச் சோதனையிடும் அதிகாரி, அதே சன்ஹிதாவின் 185ஆம் பிரிவின்படி, தம் நம்பிக்கைக்கான காரணத்தை முதலில் எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவருக்குப் போக வேண்டும். இவற்றை மீறினாலும் கைப்பற்றிய பொருள் தானாகச் சாட்சியத்திலிருந்து விலக்கப்படுவதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் பூரண்மல் வழக்கிலிருந்து (1974) நிலைத்துள்ள கொள்கை. குடிமக்களுக்கு இது பெரிய குறை. அமெரிக்காவில் மேப் வழக்கு (1961) அத்தகைய சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களிலும் விலக்கியது.

இந்தியாவில் எஞ்சும் காப்பு நடுவரின் பரிசீலனைதான். உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) அதைக் கறாராகவே வலியுறுத்தியது: காரணம் பதியாமல் காவலில் வைக்க அனுமதிக்கும் நடுவர், உரிய உயர் நீதிமன்றத்தின் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார். புதுச்சேரிக்கு அது சென்னை உயர் நீதிமன்றம்.