திரும்பினா மட்டும் ‘டக் டக்’: ஒரு சத்தத்துக்குப் பின்னால இருக்கிற 300 வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன கார் வாங்கினேன். நேராப் போனா ஒரு சத்தமும் இல்ல. பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா மட்டும் முன் சக்கரத்துப் பக்கம் ‘டக், டக், டக்’. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஓட்டிக்கூடப் பார்க்காம, “ஸ்டியரிங் ரேக் போச்சு சார், மாத்தணும்”னு சொல்லிட்டாங்க. கேட்ட தொகை என் ரெண்டு மாச வாடகை. அடுத்த வாரம் அம்மா அப்பாவோட திருநெல்வேலிக்குப் போகணும்.

அப்பா 20 வருஷத்துக்கு மேல அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்ட் வந்தார். “எங்க வண்டியில எத்தனையோ சத்தம் கேட்டிருக்கேன்டா. இது மட்டும் வந்ததே இல்ல”ன்னார். பழைய வண்டிப் பெருமைன்னு சிரிச்சுட்டேன். படிச்சுப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது, பிரச்சினை எங்கேன்னு அவர் ஒரே வரியில சொல்லிட்டார்.

அம்பாசடர்ல எஞ்சின் முன்னாடி, ஆனா அது இழுக்கிறது பின் சக்கரத்தை. முன் சக்கரத்துக்குத் திரும்புற வேலை மட்டும்தான். என் கார்ல முன் சக்கரமே வண்டியை இழுக்கணும், அதுவேதான் திரும்பவும் செய்யணும். அப்போ சுத்துற ஒரு தண்டை நடுவுல மடக்கணும். கதையே இந்த மடக்குலதான் இருக்கு.

17-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் மடங்கிச் சுத்துற ஒரு இணைப்பைப் பத்தி எழுதினார். நம்ம மெக்கானிக்குங்க ‘யூ.ஜே. கிராஸ்’னு சொல்றது அந்தக் குடும்பம்தான். அதுல ஒரு குறை உண்டு. ஒரு பக்கம் சீரா சுத்தினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 30 டிகிரி மடக்கினா, 100-ல போற வேகம் மறுபக்கம் 87-க்கும் 115-க்கும் நடுவுல ஊசலாடும். அம்பாசடரோட நீளமான தண்டுல கோணம் ரொம்பச் சின்னது. ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிறதால ஒண்ணோட தப்பை இன்னொண்ணு சரி பண்ணிடும். முன் சக்கரத்துல இதைப் போட்டா, திருப்பும்போதெல்லாம் ஸ்டியரிங் கையில உதறும்.

1920-கள்ல ஃபோர்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் ஜெப்பா இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு உருண்டை, ரெண்டுலயும் பள்ளங்கள், நடுவுல ஆறு எஃகு பால்கள். தண்டு எந்தக் கோணத்துல மடங்கினாலும், பால்கள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாப் பிரிக்கிற இடத்துலயே நிக்கும். அதனால ரெண்டு பக்கமும் ஒரே வேகம். இதுதான் சி.வி. ஜாயின்ட்.

இதைப் பெரிய அளவுல சாமானியர் காருக்குள்ள கொண்டுவந்தது 1959-ல வந்த மினி. 1956 சூயஸ் நெருக்கடியில பிரிட்டன்ல பெட்ரோலுக்கு ரேஷன். சின்ன கார் வேணும்னு பி.எம்.சி. கம்பெனி அலெக் இஸிகோனிஸ்கிட்ட சொன்னது. வெறும் 10 அடி நீளக் காருக்குள்ள நாலு பேரை உக்கார வைக்க, அவர் எஞ்சினைக் குறுக்கா வெச்சு முன் சக்கரத்தை ஓட்டினார். ஜெப்பாவோட ஜாயின்ட் இருந்ததாலதான் அது சரியா வேலை செஞ்சுது. நம்ம அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அதே பி.எம்.சி. வண்டிதான்! இந்த அமைப்பை நம்ம ஊர்த் தெருவெல்லாம் கொண்டுவந்தது 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800.

சரி, சத்தத்துக்கு வருவோம். எந்த பக்கையும் முதல்ல ரீப்ரொட்யூஸ் பண்ணணும் இல்லையா? காலி மைதானத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மெதுவா வட்டம் அடிங்க. ரெண்டு பக்கமும். வேகத்தோட ‘டக் டக்’ கூடினா சந்தேகம் சி.வி. ஜாயின்ட் மேல. ‘ஊ…’ன்னு இரைச்சல் வந்து திருப்பும்போது மாறினா வீல் பேரிங். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியில முழுசா ஒடிக்கும்போது முனகினா அதோட ஆயிலைப் பாருங்க. நின்ன இடத்துல திருப்பும்போதே ‘டொக்’னு வந்தா பால் ஜாயின்ட், இல்ல சஸ்பென்ஷன் மவுன்ட்.

அப்புறம் குனிஞ்சு சக்கரத்துக்கு உள்பக்கம் பாருங்க. மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும், அதுதான் பூட். எங்களுது கிழிஞ்சிருந்தது. கிரீஸ் ரிம் உள்பக்கமெல்லாம் தெறிச்சிருந்தது. கிரீஸ் வெளிய போக, மண்ணும் தண்ணியும் உள்ள போக, பால் ஓடுற பள்ளம் தேஞ்சிடும். அந்தத் தேய்மானம்தான் ‘டக் டக்’.

சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பார்த்திருந்தா ஒரு பூட்டும் புது கிரீஸும் போதும். வந்தப்புறம் ஜாயின்ட்டையே மாத்தணும். சில வண்டிகள்ல ஆக்சில் முழுசாவும் மாத்துவாங்க. அப்படியே ஓட்டினா ஒருநாள் ஜாயின்ட் உடையும். டிஃபரென்ஷியல் எஞ்சின் சக்தியை எதிர்ப்பு இல்லாத அந்தப் பக்கமே திருப்பிவிடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஹைவே நடுவுல அம்மா அப்பாவோட அப்படி நின்னிருப்பேன்.

வேற மெக்கானிக் அண்ணன்கிட்ட ஜாயின்ட், பூட், கிரீஸ், புது ஆக்சில் நட் எல்லாம் மாத்தினேன். முதல் ஒர்க்‌ஷாப் கேட்டதுல கால்வாசிகூட ஆகல. ரேக்கை மாத்தியிருந்தா அந்தப் பணமும் போயிருக்கும், சத்தமும் அப்படியே இருந்திருக்கும்.

திருநெல்வேலி போற வழியில ஒரு யூ-டர்ன். அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தார். “ம், இப்போ சரி”ன்னார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. அதுக்குள்ள உங்க வண்டி பூட்டை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.