மண் மறுக்கப்பட்டவர்களின் ஆட்டம்

பாரிசிலும் நியூயார்க்கிலும் இன்று சமூகக் கூடங்களில் சபார் நடனம் சொல்லித்தருகிறார்கள். யாரும் சேரலாம். ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. சபார் முரசை அப்படித்தான் அடிப்பார்கள். ஆடுபவர் வட்டத்துக்குள் குதித்து, சில நொடி ஆடி, விலகிவிடுவார். முதல் நாள் கால் வராது, பரவாயில்லை தோழர்களே. இந்த அடி யாருடையது என்று நாம் கேட்க வேண்டும்.

செனகலின் வொலோஃப் மக்களில் முரசடிப்பது கெவெல்கள், பிறப்பாலேயே. கல்யாணம், பெயர்சூட்டல், மல்யுத்தம் எதுவும் அவர்களின்றி நடக்காது. ஆனால் 'கேர்' என்னும் மேல்நிலையினர் அவர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை. (நமக்குத் தெரிந்த கதைதான்.) செத்தாலும் மண் கிடையாது. புதைத்தால் நிலம் விளையாது என்று சொல்லி, பிணத்தைப் பொந்து விழுந்த பெருக்க மரத்துக்குள் வைத்தார்கள். 1960இல் நாடு விடுதலை பெற்ற பிறகுதான் செங்கோர் அரசு அதைத் தடைசெய்தது.

அந்தக் கெவெல் குடும்பத்தில் பிறந்தவர்தான் தூதூ என்ஜாய் ரோஸ் (1930–2015). ஆண்கள் மட்டுமே அடித்துவந்த முரசைத் தன் மகள்கள், மருமகள்கள் கையில் கொடுத்து 'ரோசெட்' குழுவைக் கட்டினார். 2006இல் யுனெஸ்கோ அவரை வாழும் மனிதப் பொக்கிஷம் என்றது. கெவெல் பையனுக்குப் பெண் தர மறுக்கும் வீடுகள் டக்காரில் இன்னும் இருக்கின்றன.