சீருடையும் விசுவாசமும்



ஆண்டு விழா மலரில் ராணுவத்தைப் பற்றி ஏன் கட்டுரை என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் டாக்டராகவும் என்ஜினீயராகவும் ஆவது போலவே, நாளைக்குச் சீருடை அணிந்து பட்டாளத்துக்கும் போகலாம். அங்கே போனால் யாரோடு நின்று ஜெபிப்பார்கள்? யாராவது அவர்களை ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா? ஜெபிக்கக் கூடாது என்று தடுக்கலாமா? இந்தக் கேள்விகளோடு அமெரிக்கா ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையில் கிறிஸ்தவர்கள் சில சமயம் நல்ல பக்கத்தில் நின்றார்கள். சில சமயம் நிற்கவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

ராணுவத்துக்கென்று போதகர்களை வைக்கும் வழக்கம் இந்த நாட்டை விடப் பழையது. சுதந்திரப் பிரகடனத்துக்கு ஓர் ஆண்டு முன்பே, 1775 ஜூலை 29 அன்று, கான்டினென்டல் காங்கிரஸ் படையில் போதகர்களுக்குச் சம்பளம் ஒதுக்கியது. அந்தச் செப்டம்பரிலேயே முதல் சண்டையும் வந்துவிட்டது. எதிரியோடு அல்ல, போதகர்களுக்குள்ளேயே. ஜான் மரே என்பவர் எல்லா மனிதரும் கடைசியில் இரட்சிக்கப்படுவார்கள் என்று பிரசங்கித்தவர். இப்படிப்பட்ட உபதேசக்காரர் படையில் இருக்கக் கூடாது, நீக்கிவிடுங்கள் என்று மற்றப் போதகர்கள் ஜார்ஜ் வாஷிங்டனிடம் மனு கொடுத்தார்கள். வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? மரேயை ரோட் ஐலண்டு படைப்பிரிவுகளுக்குப் போதகராக நியமித்து, அவருக்கு உரிய மரியாதை கொடுக்க வேண்டும் என்று படை முழுவதற்கும் உத்தரவு போட்டார். உபதேசம் சரியா தவறா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அது தளபதியின் வேலை அல்ல என்று விட்டுவிட்டார்.

1791இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ராணுவத்தில் இந்த இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அரசுப் பணத்தில் போதகருக்குச் சம்பளம் கொடுத்தால் முதல் பாதி இடிக்கிறது. கொடுக்காவிட்டால், வீட்டையும் சபையையும் விட்டுத் தூரதேசம் போன சிப்பாய்க்கு வழிபாடே இல்லாமல் போகிறது, அப்போது இரண்டாம் பாதி இடிக்கிறது. 1979இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர் இருவர் இதையே வழக்காகப் போட்டார்கள். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போதகர்கள் இருக்கலாம் என்றது. சிப்பாயை அவனுடைய ஆலயத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோவது அரசுதான், ஆகவே அவனுக்கு வழிபாட்டு வசதி செய்வதும் அரசின் கடன் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் கதைக்கு வருகிறேன்.

1861. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. தொண்டர் படைகளுக்கான புதுச் சட்டத்தை ஜூலை மாதம் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு போதகர். அவர் ஏதாவது ஒரு கிறிஸ்தவச் சபைப்பிரிவின் குருப்பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. யூதர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒஹாயோ உறுப்பினர் கிளெமென்ட் வலாண்டிகாம் திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது. (இந்த வலாண்டிகாம் போரையே எதிர்த்தவர், லிங்கனுக்குப் பெரிய தலைவலி. நியாயமான வார்த்தை நாம் எதிர்பார்க்கும் வாயிலிருந்துதான் வரும் என்று சொல்ல முடியாது.)

பென்சில்வேனியாவின் ஐந்தாம் குதிரைப்படையில் யூதச் சிப்பாய்கள் பலர் இருந்தார்கள். அதன் கர்னல் மாக்ஸ் ஃப்ரீட்மனும் யூதரே. அவர்கள் மைக்கேல் ஆலன் என்ற பிலடெல்பியாக்காரரைப் போதகராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் எபிரேயம் கற்றுக்கொடுத்தவர், ஆனால் ரபீ பட்டம் பெற்றவர் அல்ல. யூதர் அல்லாத சிப்பாய்களுக்கும் பொதுவாகவே பேசினார். அந்தச் செப்டம்பரில் பாளையத்தைப் பார்க்க வந்த ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஒருவர், கிறிஸ்தவர் அல்லாதவர் போதகராக இருக்கிறாரே என்று வெளியில் சொல்லிப் புகாராக்கிவிட்டார். ஆம், நாம் அன்போடு நினைக்கும் அதே ஒய்.எம்.சி.ஏ.தான். சட்டத்துக்கு மாறாக இருப்பவர் நீக்கப்படுவார் என்று மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அவமானப்பட வேண்டாம் என்று, உடல்நிலையைக் காரணம் காட்டி ஆலன் ராஜினாமா செய்தார்.

படைப்பிரிவு அதோடு விடவில்லை. பட்டம்தானே குறை, இதோ பட்டம் உள்ளவர் என்று நியூயார்க் ஷீரித் இஸ்ரேல் யூத ஆலயத்து ஆர்னால்டு ஃபிஷல் என்ற ஊழியரைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் போர்த்துறைச் செயலரிடமிருந்து பதில் வந்தது: சட்டம் இடம் கொடுக்கவில்லை. இப்போது பிரச்சினை தெளிவாகிவிட்டது பாருங்கள். ஒருவருடைய படிப்பிலோ ஒழுக்கத்திலோ குறை இல்லை. அவருடைய விசுவாசம் ஒன்றே தடை.

ஃபிஷல் வாஷிங்டனுக்குப் போனார். 1861 டிசம்பர் 11 அன்று ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். கோரிக்கை நியாயமானது என்று லிங்கன் ஒப்புக்கொண்டார். மூன்று நாளில், யூதர்களுக்கும் இடம் தரும் அளவுக்கு விரிந்த சட்டம் வர முயல்வதாகக் கைப்பட எழுதி அனுப்பினார். நாடெங்கும் மனுக்கள் போயின. சில கிறிஸ்தவப் பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. ஆனால் மனுக்களில் கிறிஸ்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்களை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

1862 ஜூலை 17 அன்று சட்டம் மாறியது. கிறிஸ்தவச் சபைப்பிரிவு என்று இருந்த இடத்தில் மதப்பிரிவு என்று வந்தது. ஒரு சொல்தான். செப்டம்பரில் பிலடெல்பியாவின் ஜேக்கப் ஃப்ராங்கெல் முதல் யூத ராணுவப் போதகரானார். ஃபிஷலுக்கு அந்தப் பதவி கிடைக்கவே இல்லை. ஆனாலும் அவர், வழக்கு நடந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், வாஷிங்டனைச் சுற்றியிருந்த பாளையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அரசுச் சம்பளம் இல்லாமலே சிப்பாய்களைப் பார்த்துவந்தார்.

பிள்ளைகளே, இதோடு எண்பது ஆண்டுகள் தாண்டி வாருங்கள். 1943 பிப்ரவரி 3, நள்ளிரவு கழிந்த நேரம். கிரீன்லாந்தை நோக்கி டார்செஸ்டர் என்ற கப்பல் ஏறக்குறைய 900 பேரோடு போய்க்கொண்டிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் குண்டு அதைத் தாக்கியது. அதில் நான்கு ராணுவப் போதகர்கள் இருந்தார்கள்: மெதடிஸ்ட் சபையின் ஜார்ஜ் ஃபாக்ஸ், சீர்திருத்தச் சபையின் கிளார்க் போலிங், கத்தோலிக்கக் குரு ஜான் வாஷிங்டன், யூத ரபீ அலெக்சாண்டர் கூட். இருட்டில் அலறிய சிப்பாய்களைத் தேற்றி, மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார்கள். சட்டைகள் தீர்ந்துபோயின. நால்வரும் தங்கள் சட்டைகளைக் கழற்றி, அடுத்து நின்ற நால்வருக்குக் கொடுத்தார்கள். வாங்கியவன் என்ன மதம் என்று கேட்கவில்லை. உயிர் தப்பியவர்கள் கடைசியாகப் பார்த்தது, சாய்ந்த தளத்தில் நால்வரும் கைகோத்து ஜெபித்து நின்றதைத்தான். அன்று 670க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1861இன் சட்டம் மாறாமல் இருந்திருந்தால் அந்தத் தளத்தில் மூன்று பேர்தான் நின்றிருப்பார்கள்.

இதுவரை தடுக்கப்பட்டவர்களின் கதை. கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் கதையும் உண்டு. வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ், கொலராடோவின் விமானப்படைக் கல்லூரி ஆகிய மூன்றிலும் ஞாயிறுதோறும் மாணவர்கள் ஆலயத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. போகாவிட்டால் தண்டனை. சில மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு தரப்பில் சொன்ன வாதம்தான் வேடிக்கை: இது வழிபாட்டுக்காக அல்ல, நாளைக்குத் தங்கள் சிப்பாய்களின் பக்தியைப் புரிந்துகொள்ள அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பயிற்சி என்றார்கள். விசுவாசிகளாகிய நாம் இந்த வாதத்தைக் கேட்டுத்தான் முதலில் வருத்தப்பட வேண்டும். தேவனுடைய ஆலயம் கவாத்து மைதானத்தின் ஒரு மூலையாகிவிட்டதே! 1972 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நாகமானின் ஞாபகம் வரும். ஞாயிறு பள்ளியில் அவனுடைய குஷ்டரோகம் நீங்கிய வரைக்கும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு அவன் எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். நான் சீரியா ராஜாவின் படைத்தலைவன். ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிப்பாரா என்று கேட்கிறான். உத்தியோகத்தின் பொருட்டு, மனம் ஒப்பாத சந்நிதியில் நிற்க வேண்டிய அதிகாரி அவன். எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே அனுப்பினார். ஆனால் அந்தப் பாரத்தை அவன்மேல் வைத்த ராஜாவை வேதம் எங்கேயும் பாராட்டவில்லை.

நம் சொந்த மண்ணிலும் இதைப் பார்த்திருக்கிறோம். வேலூர் என்றால் நமக்கு உடனே ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அந்த ஊர்க் கோட்டையில், 1806 ஜூலை 10 அன்று விடியுமுன், கம்பெனிச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மறுத்தவர்களில் இருவருக்கு 900 கசையடி விதித்தார்கள். திப்புவின் மக்கள் அதே கோட்டையில் காவலில் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் தொப்பியைப் போட வைத்துக் கிறிஸ்தவராக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் சிப்பாய்களிடம் பரவியிருந்தது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. உத்தரவைக் கைவிட்டார்கள், கவர்னர் பென்டிங்கைத் திருப்பி அழைத்தார்கள். இங்கிலாந்தில் சிலர் பழியை மிஷனரிகள் தலையில் போட்டார்கள். தலைப்பாகை உத்தரவை எழுதியது எந்த மிஷனரியும் அல்ல. அதிகாரத்தின் கை ஒரு மதத்தோடு சேர்ந்ததாகத் தோன்றினால், அந்த மதத்தை அன்போடு சொல்லப் போனவனுக்கும் சந்தேகப் பார்வைதான் மிஞ்சுகிறது.

தலையில் என்ன இருக்கலாம் என்ற வழக்கு அமெரிக்காவுக்கும் வந்தது. விமானப்படையின் யூத மனநல அதிகாரி ஒருவர் தம் சிறு குல்லாவை அணியக் கேட்டார். 1986இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் சட்டம் இயற்றி அனுமதித்தது. சீக்கியச் சகோதரர்கள் தலைப்பாகையோடும் தாடியோடும் தரைப்படையில் பணியாற்ற, ஒவ்வொருவராக மனுக்கொடுத்துக் காத்திருந்தார்கள். 2017இல்தான் அதற்கு எளிதான வழி பிறந்தது.

2004இல் கொலராடோ விமானப்படைக் கல்லூரியில் நடந்ததை நாம் மறைக்கக் கூடாது. கால்பந்துப் பயிற்சியாளர், தாங்கள் இயேசு கிறிஸ்துவின் அணி என்ற வாசகம் எழுதிய பதாகையை வீரர்களின் உடைமாற்றும் அறையில் தொங்கவிட்டார். கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் திரைப்படத்துக்குப் போகும்படி துண்டுக் காகிதங்கள் சாப்பாட்டு மேஜைகளில் வைக்கப்பட்டன. விசாரணைக் குழு 2005இல், வெளிப்படையான பாரபட்சம் இல்லை, ஆனால் பிறர் மனம் அறியாத நடத்தை உண்டு என்றது. அந்தப் பதாகையில் இருந்தது நாம் நேசிக்கிற நாமம்தானே, இதில் என்ன தவறு என்று நம்மில் சிலர் கேட்கலாம். அந்த அறையில் ஒரு யூதப் பிள்ளையையோ இந்துப் பிள்ளையையோ நிறுத்திப் பாருங்கள். அவனை ஆட்டத்தில் இறக்குவதா உட்கார வைப்பதா என்று முடிவு செய்பவரே அந்தப் பதாகையையும் தொங்கவிட்டவர். அவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

பிள்ளைகளே, பள்ளிச் சுற்றுலாவில் வாஷிங்டனுக்குப் போனால் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்துக்கும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே போதகர் மேடு என்று ஓர் இடம் உண்டு. பணியில் உயிர்விட்ட புராட்டஸ்டன்ட் போதகர்களின் நினைவுக்கல் 1981இல் அங்கே வைக்கப்பட்டது. அதில் ஃபாக்ஸ், போலிங் பெயர்கள் இருக்கின்றன. 1989இல் கத்தோலிக்கக் குருமாரின் கல், அதில் வாஷிங்டன். டார்செஸ்டர் தளத்தில் அவர்களோடு நின்ற நான்காமவருக்கு அங்கே கல் இல்லை. அதைக் கவனித்தவர்கள் கேட்டார்கள், பணம் திரட்டினார்கள், காங்கிரஸும் அனுமதித்தது. 2011 அக்டோபரில் பதினான்கு யூதப் போதகர்களின் பெயர்களோடு ஒரு கல் வந்தது. அலெக்சாண்டர் கூட் என்ற பெயரை அதில் தேடிப் பாருங்கள்.